பிரிச்சுட்டா சரியாயிடுமா? நாங்குநேரியில் ஒரு நாள்

நெல்லை வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்ட். காலை எட்டு மணி. நாகர்கோவில் பஸ்ஸில் கால் வைத்ததுமே கண்டக்டர் கேட்டார்.

“எங்க தம்பி?”

“நாங்குநேரி அண்ணாச்சி.”

“உள்ள போவாது. பைபாஸ்லதான் நிப்பாட்டுவோம். சம்மதம்னா ஏறு.”

ஏறிவிட்டேன். கடைசி சீட்டில் மூணு பேர், முதுகில் பை, மடியில் ரெக்கார்டு நோட்டு. ஃபைனல் இயர் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு எந்தக் கம்பெனி வரும் என்பதில் ஆரம்பித்த பேச்சு, ஐந்து நிமிஷத்தில் அரசியலுக்குத் தாவிவிட்டது.

“ஏல, யோசிச்சுப் பாரு. ஆறு நம்ம ஆறு. காத்தாடி நம்ம காத்தாடி. அணு உலை நம்ம ஊரு. ராக்கெட் இன்ஜினே நம்ம மகேந்திரகிரியிலதான் டெஸ்ட் பண்ணுதாவ. ஆனா வேலைக்கு மட்டும் நெல்லை எக்ஸ்பிரஸ்ஸுல ஏறி மெட்ராஸுக்குப் போணும். தெக்கத்திய தனி ஸ்டேட்டாப் பிரிச்சுக் குடுத்தா நாம சிங்கப்பூர் மக்கா!”

மற்ற ரெண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் அது கிண்டல் சிரிப்பு இல்லை. ‘இவன் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குல்ல’ என்கிற சிரிப்பு.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்தக் கணக்கை நாங்குநேரியில் இறங்கிச் சரிபார்ப்பது என்று முடிவு செய்தேன். ஏன் நாங்குநேரி? பையன் சொன்ன எல்லாமே இந்த ஊரைச் சுற்றி ஒரு மணி நேர தூரத்துக்குள் இருக்கிறது. கூடங்குளத்தில் தலா ஆயிரம் மெகாவாட்டில் ரெண்டு அணு உலைகள் ஓடுகின்றன. பணகுடி, ராதாபுரம் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டின தூரம் காற்றாலை. இன்னும் தெற்கே போனால் ஆரல்வாய்மொழிக் கணவாய், முப்பந்தல். கடற்கரையில் கார்னெட்டும் இல்மனைட்டும் கலந்த தாது மணல். அதை அள்ளுவதற்கு 2013-ல் தமிழக அரசு தடை போட்டது வரைக்கும் பேப்பரில் படித்திருப்பீர்கள். மேற்கே பொதிகை மலை. அங்கே பிறந்து, தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டாமலே புன்னைக்காயலில் கடல் சேருகிற ஜீவநதி தாமிரபரணி.

இத்தனைக்கும் நடுவில்தான் நாங்குநேரி. பஸ் மட்டும் உள்ளே போகாது.

பழைய கோஷம், புது அர்த்தம்

‘வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது.’ நம் தாத்தா காலத்தில் மேடை மேடையாக ஒலித்த கோஷம் இது. வடக்கு என்றால் அன்றைக்கு டெல்லி, பம்பாய், கல்கத்தா. தெற்கு என்றால் மொத்தத் தமிழகமும். தொழிற்சாலை எல்லாம் அங்கே, வரி கட்டுவது மட்டும் இங்கே என்ற கோபம்தான் ‘திராவிட நாடு’ கோரிக்கைக்குப் பெரிய பலம். 1962-ல் ராஜ்யசபாவுக்குள் போன அண்ணா, முதல் பேச்சிலேயே அதைக் கேட்டார். அந்த வருஷக் கடைசியில் சீனப் போர் வந்தது. 1963-ல் பிரிவினை கேட்பவர்கள் தேர்தலில் நிற்க முடியாதபடி அரசியல் சட்டத்தில் 16-வது திருத்தம் வந்தது. தி.மு.க. கோரிக்கையைக் கைவிட்டது. ஆனால் அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்பதையும் அண்ணா சொல்லத் தவறவில்லை.

இன்றைக்கு நெல்லையில் நின்று அதே கோஷத்தைச் சொல்லிப் பாருங்கள். ‘வடக்கு’ என்பது டெல்லியாக இருக்காது. சென்னை, ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் என்று ஆகிவிட்டிருக்கும்! கோவைப் பக்கமும் இதே கதை வேறு ராகத்தில் கேட்கும். 2021 ஜூலையில் ‘கொங்கு நாடு’ என்று ஒரு வார்த்தை கிளம்பி, ரெண்டு வாரம் தமிழ்நாடே அதைப் பற்றித்தான் பேசியது. ஞாபகம் இருக்கிறதா?

உடைமரத்துக்கு நடுவே ஒரு கனவு

பைபாஸில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். டிரைவர் அண்ணாச்சி போகிற வழியிலேயே கையை நீட்டிக் காட்டினார்.

“அந்தா பாருங்க, அதாம் எஸ்.இ.இசட். வெளிநாட்டுக் கம்பெனியெல்லாம் வரும்னு சொன்னாவ. இப்ப உடமரம் நல்லா வந்திருக்கு!”

சிரிக்க வைத்தாலும் அதற்குப் பின்னால் இருப்பது சாதாரண கதை இல்லை. 2000-ம் ஆண்டின் ஏற்றுமதி இறக்குமதிக் கொள்கையில், அப்போதைய மத்திய வர்த்தக அமைச்சர் முரசொலி மாறன், ‘சிறப்புப் பொருளாதார மண்டலம்’ என்ற புது யோசனையை அறிவித்தார். முதலில் சொல்லப்பட்ட இடங்கள் ரெண்டே ரெண்டு. ஒன்று குஜராத்தில் பொசித்ரா. இன்னொன்று நாங்குநேரி! இந்தியாவில் அந்த மூணெழுத்துக்கு அர்த்தம் தெரியாத காலத்திலேயே இந்த ஊருக்கு அது தெரியும். ஏறக்குறைய 2,500 ஏக்கர். நாலுவழிச் சாலை பக்கத்தில், ரயில் பாதை பக்கத்தில், தூத்துக்குடி துறைமுகம் எட்டுகிற தூரத்தில். பிறகு வந்த ஸ்ரீபெரும்புதூர் மண்டலத்தில் லட்சக்கணக்கில் செல்போன் தயாரானது. நாங்குநேரி, தேர்தல் வாக்குறுதிகளில் மட்டும் தவறாமல் தயாராகிக்கொண்டே இருந்தது. 2019 இடைத்தேர்தலில்கூட அதுதான் முக்கியப் பேச்சு.

பஜாரில் டீ குடித்தேன். கடைக்கார அண்ணாச்சி ஒரே வரியில் முடித்துவிட்டார்.

“இங்கன கம்பெனி வருதுன்னு சொன்ன வருஷம் எம்மவன் பொறந்தான். இப்ப அவன் ஸ்ரீபெரும்புதூர்ல ஷிஃப்ட் பாத்துக்கிட்டு இருக்கான். கம்பெனி வர்ற வழியா இருந்தா அவங்கூடவே வரட்டும்!”

டீ உள்ளே இறங்க மறுத்தது. பஸ்ஸில் பேசின பையனின் கோபம் கற்பனை இல்லை. கண்ணுக்கு எதிரே 2,500 ஏக்கரில் படுத்துக் கிடக்கிறது.

ஆறு இருக்கு... எங்க ஆறு இல்ல!

வானமாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போகாமல் நாங்குநேரி பயணம் முடியாது. நம்மாழ்வார் பாடிய திவ்யதேசம். பெருமாளுக்கு அபிஷேகம் செய்த எண்ணெயைக் கோயிலுக்குள்ளேயே ஒரு கிணற்றில் ஊற்றி வைக்கிறார்கள். அந்த எண்ணெய் மருந்து என்று நம்பி வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது. ‘எண்ணெய்க் கிணறு இருக்கிற ஊர்ப்பா, வளைகுடா மாதிரி!’ என்று மனசுக்குள் ஒரு ஜோக் வந்தது. வெளியே வந்து பெரியகுளத்துக் கரையில் ஏறியதும் ஜோக் மறந்துபோனது. இவ்வளவு பெரிய குளத்தில் ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. மிச்ச இடத்தில் ஆடு மேய்ந்தது.

கரையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ‘தாமிரபரணி பாயுற மாவட்டத்துல இப்படியா தாத்தா?’ என்றதுமே ஆரம்பித்துவிட்டார்.

“ஆறு இந்த ஜில்லாவுலதான் ஓடுது. ஆனா எங்க ஆறு இல்லப்பா. ஆத்துல எட்டு அணைக்கட்டு இருக்கு, தெரியுமா? ஒண்ணுலருந்தும் எங்க கொளத்துக்கு நேர்ல தண்ணி கெடையாது.”

அவர் சொன்ன எட்டையும் எழுதிக்கொண்டேன். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். அம்பாசமுத்திரத்தில் தொடங்கி ஆற்றை ஒட்டிய வயல்களுக்கு இவைதான் உயிர். நாங்குநேரி, திசையன்விளை, சாத்தான்குளம் வட்டாரத்துக்கு ஆதரவு, காமராஜர் ஆட்சியில் கட்டிய மணிமுத்தாறு அணை. அதிலிருந்து வருகிற பிரதான கால்வாயை ‘எண்பதடிக் கால்வாய்’ என்கிறார்கள். நாலு ரீச் இருக்கிறது. முதல் ரெண்டும் மேலே. மூணாவதும் நாலாவதும் இந்தப் பக்கம், கடைசியில்.

“மழை பேஞ்சு, அணை பெருகி, மேல ரெண்டு ரீச்சுக்காரனும் போதும்னு சொன்ன பொறவு எங்களுக்கு. கல்யாண வீட்டுல கடைசிப் பந்தி மாதிரி. சோறு இருக்கும், சாம்பார் இருக்காது!”

பஸ்ஸில் கேட்டதைத் தாத்தாவிடம் போட்டு வைத்தேன். “தெக்கத்தியத் தனி மாநிலமாப் பிரிச்சுட்டா சரியாயிடும்னு பசங்க சொல்றாங்களே தாத்தா?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“பிரிச்சா அம்பாசமுத்திரத்துக்காரன் எங்க இருப்பான்? நம்ம மாநிலத்துலதானே? பொறவு நான் யாருகிட்டப் போயிச் சண்டை போட?”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தக் குளத்துக்கும் சென்னைக்கும் நடுவே ஒரு கோடு போடலாம். இந்தக் குளத்துக்கும் கன்னடியன் மதகுக்கும் நடுவே என்ன போடுவது?

கோடு போட்டுப் பார்த்த கதையும் இங்கேயே இருக்கிறது. பழைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 1986-ல் தூத்துக்குடி பிரிந்தது. 2019-ல் தென்காசி பிரிந்தது. கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வந்ததில் சந்தேகமில்லாத லாபம். ஆனால் அதே ஆறுதான் ரெண்டு மாவட்டத்துக்கும் ஓடுகிறது. விவசாயி கேட்கிறார், குடிநீர் வாரியம் கேட்கிறது, தூத்துக்குடி ஆலைகள் கேட்கின்றன. கங்கைகொண்டான் சிப்காட்டில் குளிர்பான ஆலைகளுக்கு ஆற்றுத் தண்ணீர் ஆயிரம் லிட்டர் 37 ரூபாய் 50 காசுக்குப் போகிறது என்ற செய்தி வந்தபோது ஊரே கொதித்தது. 2016 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை கொடுத்தது. 2017 மார்ச்சில், உபரி நீரைத்தான் தருகிறோம் என்ற அரசுத் தரப்பு வாதத்துக்குப் பிறகு, மனுக்கள் தள்ளுபடியாயின. ‘உபரி’ என்ற வார்த்தையை அன்றைக்குக் கடைமடையில் நின்று கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

தன்பாத் தம்பி

மதியம் நெடுஞ்சாலை ஓரத்துப் பரோட்டா கடை. சால்னா ஊற்றியவனுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும். “இன்னும் ரெண்டு வேணுமா அண்ணா?” என்ற தமிழில் லேசாக வேற்று வாசனை. ஊரைக் கேட்டேன்.

“தன்பாத் அண்ணா. ஜார்க்கண்ட்.”

பரோட்டாவைப் பிய்த்த கை அப்படியே நின்றுவிட்டது. நிலக்கரித் தலைநகரம் தன்பாத்! பக்கத்து ஜாரியா வயலில் பூமிக்கடியில் நூறு வருஷமாக நிலக்கரி எரிந்துகொண்டிருக்கிறது. ‘கனிமம் எங்களுது, வாழ்வு பீகாருக்கா?’ என்று கேட்டுக் கேட்டு, பல பத்தாண்டு போராடி, 2000 நவம்பர் 15-ல் தனி மாநிலம் வாங்கியவர்கள் அவர்கள். நாங்குநேரிக்கு மண்டலம் அறிவித்த அதே 2000! அந்தத் தனி மாநிலத்தில் பிறந்த பையன், இங்கே வந்து எனக்குச் சால்னா ஊற்றுகிறான். நாங்குநேரி டீக்கடை அண்ணாச்சியின் மகன் ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறான்.

“உங்க ஊர்லதான் நிலக்கரி இருக்கே, அங்க வேலை இல்லியா?”

“நிலக்கரி லாரியில போகுது அண்ணா. நான் ரயில்ல வந்தேன்.”

ஜார்க்கண்டைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆதிவாசி மக்கள் தங்கள் மொழிக்கும் நிலத்துக்கும் மரியாதை கேட்டு வாங்கிய மாநிலம் அது. நிலக்கரிக்கு 14 சதவீத ராயல்டி இப்போது ராஞ்சிக்குத்தான் போகிறது. ஆனால் ராஞ்சிக்கு வந்த பணம் தன்பாத் தெருவுக்கு வருவது தனிப் போராட்டம் என்பது பின்னாடிதான் புரிந்திருக்கிறது. அதனால்தான் 2015-ல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, ‘மாவட்டக் கனிம அறக்கட்டளை’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சுரங்கம் நடத்துபவர் ராயல்டிக்கு மேலே ஒரு பங்கைத் தோண்டுகிற மாவட்டத்துக்கே தர வேண்டும். அங்கேயே குடிநீர், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிக்குச் செலவு செய்ய வேண்டும். செலவு ஒழுங்காக நடக்கிறதா என்பது வேறு விஷயம். கேட்பதற்கு ஒரு சட்டமாவது இருக்கிறது. நம் காற்றாலைக்கு இப்படி எதுவுமே கிடையாது. நிலக்கரிக்கு ராயல்டி உண்டு, காற்றுக்கு இல்லை!

கடல் தாண்டியும் இதே கதைதான். இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் எரிவாயு கிடைத்தது. லாபம் ஜகார்த்தாவுக்குப் போகிறது என்ற கோபமும் சேர்ந்து 1976-ல் தனிநாட்டு இயக்கம் பிறந்தது. கிட்டத்தட்ட முப்பது வருஷம் துப்பாக்கிச் சத்தம், ஆயிரக்கணக்கில் சாவு. 2004 சுனாமி எல்லாவற்றையும் புரட்டிப் போட்ட பிறகு, 2005 ஆகஸ்டில் ஹெல்சிங்கியில் ஒப்பந்தம். தனிநாடு இல்லை. தன்னாட்சி உண்டு, எண்ணெய், எரிவாயு வருமானத்தில் 70 சதவீதம் ஆச்சேவுக்கு. இவ்வளவும் கிடைத்த பிறகும் சுமத்ரா தீவில் வறுமை அதிகமுள்ள மாகாணங்களில் ஒன்றாகத்தான் ஆச்சே இருக்கிறது. எல்லைக் கோட்டையும் பங்கையும் வாங்கிவிடலாம். அதற்கப்புறம் உள்ளூர்க் கணக்கை யார் பார்ப்பது?

‘நாம’ன்னா யாரு?

இன்னொன்றையும் சொல்லாமல் இந்த ஊரைவிட்டுக் கிளம்ப முடியாது. 2023 ஆகஸ்டில், இதே நாங்குநேரியில், பட்டியல் சமூகத்து மாணவர் ஒருவரை அவரோடு படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகுதான் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைந்தது. கையில் கட்டும் கலர் கயிறு வரைக்கும் பேசிய அறிக்கையை 2024 ஜூனில் கொடுத்தது.

‘தனியாப் பிரிச்சா நாம முன்னேறிருவோம்’ என்று சொல்கிறோமே, அந்த ‘நாம’வில் அந்த மாணவரும் உண்டா? உண்டு என்று ஒரே குரலில் சொல்ல முடியாத வரைக்கும், எந்தப் பெயரில் மாநிலம் வாங்கினாலும் உள்ளே ஒரு கடைமடை இருந்துகொண்டேதான் இருக்கும்.

கேட்டதும் கிடைத்ததும்

அப்படியானால் தெற்கத்திக்காரன் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா? கூடவே கூடாது! நாம் கேட்டு வாங்கியவற்றைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

ஒரு காலத்தில் நெல்லைப் பிள்ளைகள் மார்க் ஷீட் சிக்கலுக்கெல்லாம் மதுரைக்கு ஓடவேண்டும். 1990-ல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது. ஒரு கேஸுக்குச் சென்னை வரைக்கும் போய் லாட்ஜில் படுத்த காலம், 2004 ஜூலையில் மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை திறந்ததும் முடிந்தது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் 2011-ல் சோஹோ கடை விரித்து, சாஃப்ட்வேர் எழுதச் சென்னையில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று காட்டியது. 2025-ல் கங்கைகொண்டானில் சோலார் செல் ஆலை, தூத்துக்குடியில் மின்சாரக் கார் ஆலை.

நம் தாத்தாவுக்கும் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு மூன்றையும் இணைக்கிற வெள்ளநீர்க் கால்வாய். வெள்ளாங்குளியில் தொடங்கி, நாங்குநேரி வட்டாரம் வழியாக எம்.எல்.தேரி வரை 75 கிலோமீட்டர். கடலுக்குப் போகிற வெள்ளத்தை வறண்ட பூமிக்குத் திருப்புவதுதான் திட்டம். 23,040 ஹெக்டேருக்குப் பலன் என்று கணக்கு. 2009-ல் 369 கோடி ரூபாய் மதிப்பீட்டில் வேலை ஆரம்பித்தது. 2025 பிப்ரவரியில் திறக்கும்போது செலவு 1,060 கோடியைத் தாண்டியிருந்தது. பதினாறு வருஷம்! தாமதத்துக்கு வட்டி கட்டியது யார் என்றும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் கடைமடைக்கென்றே வெட்டிய கால்வாய் இது. மாநிலத்தைப் பிரிக்காமலே வந்தது.

இவை எல்லாவற்றிலும் ஒரு ஒற்றுமை உண்டு. ‘எங்களைப் புறக்கணிக்கிறார்கள்’ என்று பொதுவாகப் புலம்பியதோடு யாரும் நிற்கவில்லை. இந்தக் கட்டிடம், இந்தக் கால்வாய், இந்தத் தேதி என்று குறிப்பாகக் கேட்டார்கள். விடாமல் கேட்டார்கள்.

ஃபைனல் இயர் நண்பர்களே, கோபத்தை விட்டுவிடாதீர்கள். அதற்கு ஒரு முகவரி மட்டும் கொடுங்கள். தகவல் உரிமைச் சட்டம் வந்தது 2005-ல். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள் கெடு. இந்த வருஷம் மூணாவது, நாலாவது ரீச்சுக்கு எத்தனை நாள் தண்ணீர் விட்டார்கள்? அந்த 2,500 ஏக்கரில் எத்தனை ஏக்கரில் கம்பெனி ஓடுகிறது, எத்தனை பேருக்கு வேலை? ஒரு வெள்ளைத்தாளில் ஒரு வகுப்பே சேர்ந்து கேட்கலாம். பரோட்டாவுக்கு ஆகிற செலவுகூட இல்லை.

சாயங்காலம் பைபாஸில் நின்றேன். முதல் பஸ் நிற்கவில்லை. ரெண்டாவது நிற்கவில்லை. மூணாவதும் ஹாரன் அடித்தபடி பறந்தது. பக்கத்தில் நின்ற ஸ்கூல் பிள்ளை ஒருத்தி ரோட்டோரம் ரெண்டடி முன்னால் போய், கையை நீட்டி நின்றாள். பின்னாலேயே நாங்கள் ஏழெட்டுப் பேர்.

நாலாவது பஸ் நின்றது.